இரண்டு அங்குலம்

இரவு ரயிலில் ஸ்லீப்பர் கோச்சில் ஏறி, பெர்த்தில் ஒரு போர்வையை விரித்து, தலைக்குப் பையை வைத்துக்கொண்டு தூங்கிப்போகிற பிள்ளைகள் யாரும் முதுகுக்குக் கீழே இருக்கும் மெத்தையைப் பற்றி யோசிப்பதில்லை. ரயில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே அது அங்கே இருந்ததாகத்தான் தோன்றும். 1977 வரைக்கும் அந்த இடத்தில் வெறும் மரக்கட்டைதான் இருந்தது. கட்டையின் மேல் இரண்டு அங்குல ஃபோம் வைக்க ஏற்பாடு செய்தவர் பெயர் மது தண்டவதே. மகாராஷ்டிரக்காரர், இயற்பியல் பேராசிரியர், சோஷலிஸ்ட். ரயில்வே அமைச்சராக இருந்தது இரண்டு வருஷம் நாலு மாசம். நான் டிக்கெட் கலெக்டராகச் சேர்ந்து, டி.டி.இ.யாக ஓய்வு பெற்றவன். எத்தனையோ அமைச்சர்கள் வந்ததையும் போனதையும் கீழேயிருந்து பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்கு அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லச் சொன்னால், நான் இவரைப் பற்றித்தான் சொல்வேன்.

அந்தக் கட்டையைப் பார்த்திராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். பலகைகளை ஒட்டி அடுக்காமல், நடுவில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி விட்டு, திருகாணி போட்டு முடுக்கியிருப்பார்கள். வருஷக்கணக்கில் ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து மரம் வழவழவென்று ஆகியிருக்கும். மல்லாந்து படுத்தால் பலகையின் விளிம்பு முதுகெலும்பில் இடிக்கும். ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் இடுப்பும் தோள்பட்டையும் மரத்துப்போகும். வசதியுள்ளவர்கள் ஹோல்டால் கொண்டுவருவார்கள். கான்வாஸ் துணியில் தைத்து, உள்ளே மெல்லிய மெத்தையும் தலையணையும் வைத்துச் சுருட்டி, தோல்வார் போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அது இல்லாதவர்களுக்கு ஜமுக்காளம். அதுவும் இல்லையென்றால் மடித்துப் போட்ட பழைய புடவை, தோளில் கிடந்த துண்டு. விளக்கை அணைத்த பிறகு கோச்சுக்குள் நடந்து போனால், பெர்த் கிடைத்தவர்களிலேயே பல பேர் படுக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண்கள், ஆபரேஷனுக்கு மெட்ராஸ் போகிற பெரியவர்கள், எல்லாருக்கும் அதே கட்டைதான். கதவு ஒன்று தாண்டி முதல் வகுப்பில் மெத்தை இருந்தது.

1974ல் மூன்றாம் வகுப்பை ஒழித்து அதையும் இரண்டாம் வகுப்பு ஆக்கினார்கள். பெட்டியின் வெளியே எழுத்து மாறியது. உள்ளே கட்டை அப்படியே இருந்தது. பெயரை மாற்றியதோடு வேலை முடிந்ததாக நினைப்பது எந்த ஆபீஸிலும் நடக்கும், நீங்களும் பார்க்கத்தான் போகிறீர்கள். தண்டவதே வந்ததும் பெட்டிக்கு உள்ளே பார்த்தார். முதல் வகுப்பைக் கீழே இறக்க வேண்டும் என்பதில்லை, இரண்டாம் வகுப்பை மேலே கொண்டுவர வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். சொன்ன அந்த வருஷத்திலேயே வேலை தொடங்கியது. 1977 டிசம்பர் 26ஆம் தேதி பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் நடுவில் கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. தாகூரின் நூல் பெயரைத் தாங்கிய அந்த வண்டியில் முதல் வகுப்பே கிடையாது. நாட்டின் இரண்டு பெரிய நகரங்களை இணைக்கிற அதிவேக வண்டியில் எல்லாரும் ஒரே வகுப்பு என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். அதுவரை வேகம் என்பதே கூடுதல் காசு கொடுக்கிறவர்களுக்கு உரியதாக இருந்தது. நம் பக்கத்தில் மதுரைக்கும் மெட்ராஸுக்கும் வைகை எக்ஸ்பிரஸ் பகலில் பறக்கத் தொடங்கியதும் அவர் அமைச்சராக இருந்தபோதுதான், 1977 ஆகஸ்ட் 15ல். மீட்டர் கேஜ் பாதையில் அந்த வேகத்தை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை.

பிறகு வண்டி வண்டியாக ஃபோம் வந்து சேர்ந்தது. மேலே ரெக்சின் தைத்த இரண்டு அங்குல மெத்தை. விலை உயர்ந்த பொருள் ஒன்றும் இல்லை, பொறியியல் சாதனையும் இல்லை. ஆனால் அதற்கு அப்புறம் ராத்திரியில் கோச்சுக்குள் நடந்தபோது வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. ஜனங்கள் தூங்கினார்கள். விடிகாலையில் இறங்க வேண்டியவர்களைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ரயில்வே அமைச்சர் என்றாலே நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அரியலூர்தான் ஞாபகம் வரும். 1956 நவம்பரில் வெள்ளத்தில் பாலம் சரிந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்து நூற்று நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் பதவியைத் துறந்தவரைக் கொண்டாடுகிற அளவுக்கு, பதவியில் உட்கார்ந்து நாள்தோறும் வேலை பார்த்தவரை நாம் கொண்டாடுவதில்லை. பொறுப்போடு விலகுகிற சந்தர்ப்பம் ஒருவர் வாழ்க்கையில் ஒரு தடவை வரலாம், வராமலும் போகலாம். பொறுப்போடு வேலை பார்க்கிற சந்தர்ப்பம் தினமும் காலையில் வருகிறது. உங்களுக்கு அந்த இரண்டாவது வகை முன்மாதிரிதான் அதிகம் தேவைப்படும்.

அமைச்சர் ஆனவுடன் கட்டையைப் பற்றி யோசிக்க இவருக்கு எப்படித் தோன்றியது? அவர் ஐம்பத்து மூன்று வயதில்தான் அமைச்சரானார். அதற்கு முந்தைய முப்பது வருஷங்களைப் பார்த்தால் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

1924 ஜனவரி 21ல் அகமத்நகரில் பிறந்தார். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் இறங்கியபோது பதினெட்டு வயசு. இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியில் பாடம் நடத்தப் போனார். அது அம்பேத்கர் தொடங்கிய மக்கள் கல்விக் கழகத்தின் கல்லூரி. வசதியில்லாத வீடுகளிலிருந்தும் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்தும் படிக்க வந்தவர்களுக்காக உருவானது. அப்படிப்பட்ட மாணவர்கள் நிறைந்த வகுப்பறையில் பல வருஷம் நின்று பாடம் சொன்ன ஆளுக்கு, நாட்டில் யார் எதன் மேல் படுத்துத் தூங்குகிறார்கள் என்று தனியாக யாரும் அறிக்கை கொடுக்க வேண்டியதில்லை. நடுவில் 1955ல், போர்ச்சுக்கீசியர் பிடியில் இருந்த கோவாவுக்குள் சத்யாக்கிரகத் தொண்டர்களை அழைத்துக்கொண்டு போய், அங்கே போலீஸிடம் கடுமையாக அடிபட்டார். பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, தொழிற்சங்கம், சம்யுக்த மகாராஷ்டிரா போராட்டம் என்று காலம் போனது. முதன்முதலாக மக்களவைக்குப் போனது 1971ல், கொங்கணத்தில் உள்ள ராஜாபூர் தொகுதியிலிருந்து. அதையும் சேர்த்து அதே தொகுதி அவரைத் தொடர்ந்து ஐந்து முறை அனுப்பியது.

எதிர்க்கட்சியில் இருந்த காலம் நீளமானது. அதில் அவர் செய்தது படிப்பு. பட்ஜெட்டைப் படித்தார், மசோதாக்களைப் படித்தார், அவையில் எழுந்து பேசினால் எதிர்த்தரப்பும் காது கொடுக்கிற அளவுக்குத் தயாராகிப் போனார். பிள்ளைகளே, வேலை கிடைக்காத வருஷங்களை வீணாய்ப் போனவை என்று புலம்புகிறீர்கள். தேர்வு எழுதி, தள்ளிப்போய், மறுபடி எழுதிக் காத்திருக்கிற உங்கள் வலி எனக்குத் தெரியும். ஆனால் கையில் அதிகாரம் இல்லாத காலத்தில்தான் ஒரு வேலையை முழுசாகப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியும். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கையெழுத்துப் போடவே நேரம் சரியாக இருக்கும்.

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது தண்டவதே பெங்களூரில் இருந்தார். நாடாளுமன்றக் குழு ஒன்றின் வேலையாகப் போயிருந்த வாஜ்பாய், அத்வானி, ஷியாம் நந்தன் மிஸ்ரா ஆகியோரோடு அவரையும் கைது செய்து பெங்களூர் மத்திய சிறையில் அடைத்தார்கள். அவருடைய மனைவி பிரமிளா தண்டவதேயும் போராட்டக்காரர்தான். அவரைப் புனேயில் எரவாடா சிறையில் வைத்தார்கள். புருஷன் ஒரு ஜெயிலில், மனைவி ஒரு ஜெயிலில். ஜெயிலுக்கு ஜெயில் கடிதம் போய்வந்தது. பின்னாளில் பிரமிளா 1980ல் பம்பாயிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மகிளா தட்சதா சமிதியை வளர்த்து, வரதட்சணைக் கொடுமைக்கு எதிராகத் தெருவில் நின்று போராடினார். கல்யாணம் என்றால் ஒருவர் வெளியே ஓட, இன்னொருவர் வீட்டைப் பார்த்துக்கொள்வது என்று மட்டும் பார்த்து வளர்ந்த என் தலைமுறைக்கு அந்த இரண்டு பேரின் வாழ்க்கை ஆச்சரியமாக இருந்தது. உங்கள் தலைமுறைக்கு அது ஆச்சரியமாக இருக்கக் கூடாது.

ஜெயிலிலிருந்து வெளியே வந்த சூட்டில் 1977 மார்ச்சில் தேர்தல். ஜனதா கட்சி ஜெயித்தது, மொரார்ஜி தேசாய் பிரதமர், தண்டவதேக்கு ரயில்வே. அவர் மேஜையில் முதலில் காத்திருந்தது மெத்தை அல்ல, மனிதர்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், 1974 மே 8ஆம் தேதி, நாடு முழுக்க ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சுமார் 17 லட்சம் பேர், இருபது நாள். தலைமை தாங்கியவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். எட்டு மணி நேர வேலை, போனஸ், நியாயமான சம்பளம், இவைதான் கோரிக்கை. நீராவி எஞ்சினில் ஓடுகிற டிரைவரும் ஃபயர்மேனும் நெருப்புக்கு முன்னால் பத்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பது சாதாரணமாக இருந்த காலம். போராட்டத்தைக் கடுமையாக ஒடுக்கினார்கள். ஆயிரக்கணக்கில் கைது, ஆயிரக்கணக்கில் வேலைநீக்கம். குடும்பங்களைக் குவார்ட்டர்ஸிலிருந்து வெளியேற்றினார்கள். திரும்பி வந்தவர்களுக்கும் சர்வீஸ் பிரேக் விழுந்தது. வேலை போன ரயில்வேக்காரனுக்கு அன்றைக்கு வேறு போக்கிடம் இல்லை. அவனுக்குத் தெரிந்த தொழில் நாட்டில் ஒரே ஒரு முதலாளியிடம்தான் இருந்தது.

அவர்களைத் திரும்ப வேலைக்கு எடுத்தவர் தண்டவதே. இதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். முந்தைய ஆட்சி செய்ததைத் திருத்துவோம் என்று மேடையில் சொல்வது சுலபம். தண்டனை கொடுத்த அதே அதிகாரிகளை வைத்துக்கொண்டு, ஒழுங்கு கெட்டுவிடும் என்கிற முணுமுணுப்பைத் தாண்டி, கோப்பு கோப்பாக அதைச் செய்து முடிக்க வேண்டும். செய்தார். நீங்கள் ஒரு இடத்துக்குப் பொறுப்பாகப் போனால், புதிதாக என்ன தொடங்கலாம் என்று பார்ப்பதற்கு முன்னால், உங்களுக்கு முன்பு அங்கே யாருக்கு அநியாயம் நடந்தது என்று கேளுங்கள். அந்தப் பட்டியலைக் கேட்கிறவர்கள் குறைவு.

முன்பதிவைக் கணினிக்குக் கொண்டுபோகிற முயற்சிக்கும் அவர் காலத்தில்தான் பிள்ளையார் சுழி போட்டார்கள். பெரிய ரிஜிஸ்டரில் கையால் பெயர் எழுதி, சார்ட்டை நகலெடுத்து ஒட்டிய காலம் அது. யார் பெயர் எப்படி மேலே ஏறியது என்று கேட்க வழி இருக்காது. கணினி முன்பதிவுக் கவுண்டருக்கு வந்தது எண்பதுகளின் நடுவில், அவர் போய்ப் பல வருஷம் கழித்து. 1979 ஜூலையில் ஆட்சி கவிழ்ந்தது, அமைச்சர் பதவியும் போனது.

மறுபடி பத்து வருஷம் எதிர்க்கட்சி வரிசை. 1989 டிசம்பரில் வி.பி.சிங் அரசில் நிதி அமைச்சர் ஆனார். அது பதினோரு மாசம்தான் ஓடியது. அந்த அரசு கொண்டுவந்த விவசாயக் கடன் தள்ளுபடியை அன்றைய கஜானா தாங்கியிருக்குமா என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. அடுத்த வருஷமே நாடு அந்நியச் செலாவணி நெருக்கடியில் மாட்டியது, அதற்குக் காரணங்கள் பல. ஆனால் அதே பதினோரு மாசத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைத் தங்க வேலை செய்கிற குடும்பங்கள் மறக்காது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கினார்.

1963ல் தங்கக் கட்டுப்பாடு வந்து, பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள். தாலிக்குக் கூடப் பதினாலு காரட். பத்தர்மார் தெருக்களில் உலை அணைந்தது. பரம்பரையாகத் தங்க வேலை மட்டுமே தெரிந்தவர்கள் வேறு கூலி வேலை தேடினார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. பிறகு விதிகளைத் தளர்த்தினாலும், 1968ல் வந்த சட்டம் லைசென்ஸ், கணக்கு, சோதனை என்று சின்னப் பட்டறைக்காரனைத்தான் நெருக்கியது. கடத்தல்காரன் பாட்டுக்குக் கொழித்தான். அதை 1990ல் எடுத்தார். மெத்தையும் தங்கமும் வேறு வேறு துறை. இரண்டிலும் அவர் பார்த்த இடம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: சட்டமோ ஏற்பாடோ கடைசியில் யார் உடம்பில் போய் இடிக்கிறது என்று பார்த்தார்.

இனி கொங்கண் ரயில்வே. அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பம்பாய்க்குத் தெற்கே மங்களூர் வரைக்கும் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சஹ்யாத்ரி மலை, நடுவில் குறுகலான நிலம். மலையிலிருந்து இறங்குகிற ஆறுகள் அடுக்கடுக்காகக் குறுக்கே வெட்டும். அந்த மாவட்டங்களில் ஆண்கள் பம்பாய் மில்லுக்கு வேலைக்குப் போய் மணியார்டர் அனுப்புவார்கள். ஊருக்கு வர வேண்டுமானால் கரையோரக் கப்பல், இல்லையென்றால் மலைப்பாதை பஸ். அறுபதுகளில் வடக்கேயிருந்து பாதை ஆப்டா வரைக்கும் வந்து நின்றுவிட்டது. ராஜாபூரின் முந்தைய உறுப்பினர் நாத் பை, அந்தப் பாதையை நீட்டச் சொல்லி மக்களவையில் குரல் கொடுத்தவர். அவர் 1971 ஜனவரியில் இறந்துபோனார். அந்த இடத்துக்கு வந்தவர்தான் தண்டவதே. தொகுதியோடு கோரிக்கையையும் எடுத்துக்கொண்டார்.

ரயில்வே அமைச்சராக இருந்த காலத்தில்கூட முழுப் பாதை கைகூடவில்லை. செலவு அப்படி. 1990ல்தான் நேரம் கூடிவந்தது. ரயில்வேயில் ஜார்ஜ் பெர்னாண்டஸ், நிதியில் தண்டவதே, இருவரும் பழைய சோஷலிஸ்ட் தோழர்கள். வழக்கமான ரயில்வே பட்ஜெட்டை நம்பியிருந்தால் இன்னும் ஒரு தலைமுறை போகும் என்பதால், தனியாக ஒரு கார்ப்பரேஷன் அமைத்து, மகாராஷ்டிரா, கோவா, கர்நாடகம், கேரளம் நான்கையும் பங்குதாரர் ஆக்கி, கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டுவதென்று முடிவானது. தலைமைக்கு இ.ஸ்ரீதரன் வந்தார். 1964 புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் நிமிர்த்தியவர் என்று ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அவரைத் தெரியும்.

ரோஹாவிலிருந்து மங்களூர் பக்கம் வரைக்கும் சுமார் 740 கிலோமீட்டர். 91 சுரங்கங்கள். சிறிதும் பெரிதுமாக இரண்டாயிரத்துக்கு மேல் பாலங்கள். ரத்னகிரி பக்கத்தில் கார்புடே சுரங்கம் மட்டும் ஆறரை கிலோமீட்டர். கோவாவில் சில இடங்களில் பாறை கிடையாது, ஊறிப்போன களிமண். தோண்டத் தோண்டச் சரிந்தது. தொழிலாளர்கள் பலர் உயிரைக் கொடுத்தார்கள். 1998 ஜனவரியில் முழுப் பாதையும் தயாரானது. நாத் பை கேட்கத் தொடங்கி நாற்பது வருஷத்துக்குப் பக்கம்.

வண்டி வருவதற்கு முன்னால், 1991 தேர்தலில், ராஜாபூர் தண்டவதேயைத் தோற்கடித்தது. பாதைக்கு வழி செய்து கொடுத்த அடுத்த வருஷம். இதை உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நல்லது செய்தால் கைமேல் பலன் கிடைக்கும் என்று சொல்லி உங்களை வேலைக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. கிடைக்காமல் போகலாம். அவர் அதற்காக அரசியலையோ அந்த ஜனங்களையோ விட்டுவிட்டுப் போகவில்லை. 1996ல் திட்டக்குழுவின் துணைத்தலைவர் பொறுப்பைக் கொடுத்தபோது எழுபது வயசைத் தாண்டியிருந்தார், ஏற்றுக்கொண்டு 1998 வரை பார்த்தார். காந்தியையும் மார்க்ஸையும் பற்றிப் புத்தகம் எழுதினார். பிரமிளா அவருக்கு முன்பே போய்விட்டார். 2005 நவம்பர் 12ல் மும்பையில் தண்டவதே காலமானபோது, அவர் விருப்பப்படியே உடலை ஜே.ஜே. ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்கள்.

ரயில்வே வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் பொது அறிவுக்காக அமைச்சர்கள் பெயரை மனப்பாடம் செய்கிறீர்கள். அதோடு நிற்காமல், 1977லிருந்து 1979 வரை தண்டவதே மக்களவையில் படித்த ரயில்வே பட்ஜெட் உரைகளைத் தேடி எடுங்கள், கிடைக்கும். இங்கிலீஷ்தான், ஆனால் வாத்தியார் எழுதியது, புரியும். எண்கள் நிறைய வரும், அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எந்தச் செலவுக்கு யாரை மனதில் வைத்துப் பணம் ஒதுக்கினார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே படியுங்கள். படித்துவிட்டு இந்த வருஷத்து பட்ஜெட்டை எடுத்து அதே கேள்வியைக் கேளுங்கள்.